மணல்முனையில் சார்ஜ் போன வழி

அந்த அப்டேட் மணல்முனைக்கு வந்து இறங்கிய காலையில் கடல் எப்போதும்போலத்தான் கிடந்தது, மாதா கோயில் மணி எப்போதும்போலக் கொஞ்சம் பிந்தித்தான் அடித்தது, மீன் ஏலக்காரர் எப்போதும்போலத் தொண்டை கட்டிப்போய்ச் சைகையில்தான் ஏலம் விட்டார், ஆகவே ஊரிலுள்ளவர்கள் போன் திரையில் வந்து நின்ற கேள்வியைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல், எது கேட்டாலும் சரி என்று அமுக்கிப் பழகிய விரலால் அதையும் அமுக்கினார்கள், போன்கள் ஒருமுறை அணைந்து எழுந்து அதே பழைய முகத்தைக் காட்டின, மத்தியானச் சோற்றுக்குள் ஊரில் ஒரு போனிலும் சார்ஜ் நிற்கவில்லை.

எல்லாரும் பெர்னதெத்திடம் ஓடினார்கள். பஸ் நிற்கிற பூவரச மரத்துக்கு எதிரே ஷட்டர் போட்ட சின்னக் கடை அவளுடையது. ரீசார்ஜ் செய்வது, உடைந்த கண்ணாடியை மாற்றுவது, கிணற்றில் விழுந்த போனைப் பிழைக்க வைப்பது, கடலில் விழுந்த போனை மட்டும் ஒரு பார்வை பார்த்துவிட்டு "இதுக்கு அடக்கப் பூசை வச்சிருங்க" என்று திருப்பிக் கொடுப்பது எல்லாம் அவள்தான். கை சுத்தம், வாய்தான் கொஞ்சம் நீளம் என்று ஊரில் பெயர்.

வந்தவர்களுடைய போன்களில் அவள் வெளிச்சத்தைக் குறைத்தாள், லொகேஷனை அணைத்தாள், பின்னால் ஒளிந்து ஓடிக்கொண்டிருந்த ஆப்களை ஒவ்வொன்றாகப் பிடித்து மூடினாள், எந்த ஆப் சார்ஜைத் தின்கிறது என்று காட்டுகிற பக்கத்தைத் திறந்து பார்த்தாள், ஒன்றுமே தின்னவில்லை என்று அது சாதித்தது, பேட்டரியைத் தொட்டுப் பார்த்தாள், சூடும் இல்லை வீக்கமும் இல்லை, கடைசியில் எல்லாவற்றையும் அழித்துப் புதுப் போனாக்கிக் கொடுத்தாள், வாங்கிக்கொண்டு போனவர்கள் பூவரச மரத்தைத் தாண்டுவதற்குள் எண் குறைகிறது என்று மறுபடியும் வந்து நின்றார்கள்.

"அப்டேட்ல கோளாறு. அடுத்த அப்டேட்ல சரி பண்ணிருவான். அதுவரைக்கும் பொறுங்க" என்றாள். அந்த 'அவன்' யார் என்று அவளுக்கும் தெரியாது, கேட்டவர்களுக்கும் தெரியாது, ஆனால் எங்கேயோ ஒருவன் பொறுப்பாக உட்கார்ந்து சரி பண்ணிக்கொண்டிருக்கிறான் என்பதில் எல்லாருக்கும் ஓர் ஆறுதல் இருந்தது.

ஊரிலேயே வேகமாக இறங்கியது அவளுடைய போன்தான். சார்ஜரில் போட்டால் ஏறும், ஒயரைப் பிடுங்கிய கையோடு மடமடவென்று இறங்கிக் கறுத்துவிடும். மற்றவர்கள் போன் மத்தியானம் வரையாவது தாங்கியது, இவளுடையது ஒரு தேநீர் ஆறுகிற நேரத்துக்குத் தாங்கவில்லை. ஊர்ப் போன்களுக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிறவளுடைய போன் இப்படிப் படுத்துக்கிடப்பது அவளுக்கு மானக்கேடாக இருந்தது.

இந்த இடத்தில் இஞ்ஞாசியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவன் பெர்னதெத்தின் புருஷன், ஆனால் அப்போது கடற்கரையின் வடக்குக் கோடியில் தன் அண்ணன் வீட்டில் இருந்தான். அண்ணனும் தம்பியுமாக இறக்கிய புது மீன்பிடி வள்ளத்துக்கு அவள் பெயரை எழுதுவதாக வாக்குக் கொடுத்திருந்தான், சாமியார் வந்து மந்திரிக்கிற அன்று துணியை விலக்கினால் 'புனித அந்தோணியார்' என்று எழுதியிருந்தது, ஏன் என்று கேட்டதற்குப் புனிதர் பெயர்தான் வைக்க வேண்டும் என்று அண்ணன் சொல்லிவிட்டதாகச் சொன்னான், பெர்னதெத் என்பதும் ஒரு புனிதையின் பெயர்தானே என்று அவள் விடாமல் கேட்டாள், "பேரு புனிதைதான், வாயி?" என்று அவன் விளையாட்டாகச் சொன்னான், சுற்றி நின்ற ஊர் சிரித்தது, சாமியாரும் சிரித்தார். அவ்வளவுதான். அன்று இரண்டு பேரும் வாயை மூடியவர்கள்தான். அவராக வந்து பேசட்டும் என்று அவள் இருந்தாள். அவன் என்னவென்று இருந்தான் என்று யாருக்கும் தெரியவில்லை, அவன் பொதுவாகவே பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் ஒன்றைப் பேசுகிற ஆள்.

"அந்த ஆள நான் நெனைக்கக்கூட இல்ல" என்று பெர்னதெத் கேட்டவர்களிடமும் சொன்னாள், கேட்காதவர்களிடமும் சொன்னாள்.

சார்ஜ் எங்கே போகிறது என்று கண்டுபிடித்தது பக்கத்துத் தையல்கடை சகாயம். அவள் மகன் நிக்சன் கப்பலில் வேலை பார்க்கிறான். ஒருநாள் அவன் கூப்பிட்டு, "அம்மா, என் போனு ஒயரே இல்லாம தானா ஏறுது" என்றான். எப்போது ஏறுகிறது என்று கேட்டால், சகாயம் ஜெபமாலை சொல்கிற நேரத்தைச் சொன்னான். சகாயம் உடனே அங்கேயே அவனை நினைத்தாள், கையிலிருந்த போனில் எண் குறைந்தது, "ஏறுதுமா" என்றான் அந்தப் பக்கம். கப்பலுக்குப் போனவன் மாதக்கணக்கில் ஊர்ப் பக்கம் தலைகாட்டாததை நினைத்து மனதுக்குள் நாலு திட்டுத் திட்டினாள், இன்னும் வேகமாகக் குறைந்தது, "எம்மா, பாத்து, சூடாவுது!" என்று அலறினான்.

ஆக, யார் யாரை நினைக்கிறார்களோ அவர்கள் போனுக்கு இவர்கள் சார்ஜ் போகிறது. இதைக் கேட்டு மணல்முனை ஒன்றும் மலைத்துப்போய் உட்கார்ந்துவிடவில்லை. காற்று திரும்பினால் பாயைத் திருப்புகிறவர்கள் அவர்கள், இதற்கும் திருப்பிக்கொண்டார்கள். வெளிநாட்டில் பிள்ளைகள் இருந்த தாய்மார்கள் போனைச் சார்ஜரில் போட்டுவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து நினைத்தார்கள், மஸ்கட்டிலும் மாலத்தீவிலும் பிள்ளைகள் சார்ஜரைத் தூக்கிப் பரணில் போட்டார்கள். பரீட்சைக் காலத்தில் கணக்கு வாத்தியார் போன் நிரம்பி வழிந்தது, அரிசி வராத மாதத்தில் ரேஷன் கடைக்காரர் தன் போனை ஈரத்துணியில் சுற்றி வைத்துக்கொண்டார். நிச்சயம் முடிந்த பையனுக்கும் பெண்ணுக்கும் இடையில் ஒரே சார்ஜ் பந்துபோலப் போய் வந்துகொண்டிருந்தது. பெண்டாட்டியை மண்ணில் வைத்துவிட்டு ஒற்றையாக இருந்த வியாகுலம் பெரியவர் தன் போன் நிற்பதே இல்லை என்று புலம்பிக்கொண்டிருந்தார், ஒருநாள் பீரோவைத் திறந்தால், அந்த அம்மாள் வைத்திருந்த பழைய பட்டன் போன் சேலைகளுக்கு நடுவில் முழு சார்ஜோடு மினுங்கிக்கொண்டிருந்தது. அவர் கொஞ்ச நேரம் அழுதார், பிறகு அதில் பாட்டுப் போட்டுக் கேட்க ஆரம்பித்தார்.

சங்கடங்களும் வராமல் இல்லை. பொங்குகிற பாலை அப்படியே விட்டுவிட்டு மனைவிமார்கள் புருஷன் போனை எடுத்து, "காலையில நெறைய இருந்துச்சே, யாருக்குப் போச்சு?" என்று கேட்டார்கள். "மோட்டாரை நெனச்சேன்" என்று ஒருவன் சொன்னான், மோட்டாருக்குப் போன் எங்கே என்று அவன் பெண்டாட்டி திருப்பிக் கேட்டதில் அவன் சாப்பிடாமல் கடலுக்குப் போனான். கடைசியில் சாமியார் பிரசங்கத்தில், அடுத்தவர் சார்ஜை எட்டிப் பார்ப்பதும் அடுத்தவர் கடிதத்தைப் பிரிப்பதும் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டு, பீடத்தில் கிடந்த தன் போனை அவசரமாகக் கவிழ்த்து வைத்தார். அன்றிலிருந்து எல்லாரும் திரையின் மூலையில், எண் தெரிகிற இடத்தில், சின்னதாக ஒரு பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டார்கள். தன்னைவிட மூத்தவரின் பிளாஸ்திரியை யாரும் நகர்த்தக் கூடாது, புருஷன் பெண்டாட்டிக்குள் கேட்டுக்கொண்டு நகர்த்தலாம், குழந்தைகள் போனில் ஒட்டவே கூடாது என்று முறையெல்லாம்கூட வந்துவிட்டது.

பெர்னதெத் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. நினைத்தால் சார்ஜ் போகுமாம், நல்ல கதை, இது சாஃப்ட்வேர் கோளாறு என்று மேசையைத் தட்டிச் சொன்னாள். ஒத்துக்கொண்டால் தன் போன் ஏன் இப்படிக் கறுத்துக் கிடக்கிறது என்று ஊருக்குப் பதில் சொல்ல வேண்டுமே. பிளாஸ்திரியும் ஒட்டவில்லை, ஒட்டி மறைக்க அதில் எண் என்று ஒன்று இருந்தால்தானே.

அவள் மறைத்ததைத் தொம்மை வந்து உடைத்தான். அவன் இஞ்ஞாசியோடு வள்ளத்தில் போகிற பையன், பெர்னதெத்தை மைனி, அதாவது அண்ணி, என்று கூப்பிடுகிறவன், கல்யாணமாகி ஒரு பிள்ளை இருந்தும் வாயில் சொல் தங்காதவன். கடை நிறைய ஆள் இருக்கும்போது வந்து, ஒரு நீளமான ஒயர் வேண்டும், நாலைந்து போனை ஒரே நேரத்தில் சொருகுகிற மாதிரி வேண்டும் என்றான்.

"கடல்ல எங்கல சொருகுவ?" என்று கேட்டாள் பெர்னதெத்.

"இஞ்ஞாசி அண்ணன் போன்லதான் மைனி. அது எறங்குறதே இல்ல. நாங்க எல்லாரும் அதுலதான் ஏத்துதோம், ஜிபிஎஸ்சும் அதுலதான் ஓடுது. வள்ளத்துல நாங்க அதுக்கு மைனி கரண்டுன்னு பேரு வச்சிருக்கோம்."

கடை சிரித்த சிரிப்பில் பூவரச மரத்துக் காக்கைகள் பறந்தன. பெர்னதெத்துக்குக் காது வரைக்கும் சிவந்தது. தான் இத்தனை நாள் பொருமிய பொருமலெல்லாம் நடுக்கடலில் யார் யாருக்கோ வெளிச்சம் போட்டிருக்கிறது என்பது அவளுக்குக் கோபமாகவும் இருந்தது, சொல்லப்போனால் உள்ளுக்குள் ஒரு மூலையில் இனிப்பாகவும் இருந்தது. அந்த இனிப்பு கரைவதற்குள் சகாயம், ஒரு கெட்ட எண்ணமும் இல்லாமல், மனதில் பட்டதைக் கேட்டுவிட்டாள்.

"அப்போ உன் போனு ஏன்ட்டி ஏறவே மாட்டேங்குது?"

சிரிப்பு நின்றது. ஆளாளுக்குக் கிடைத்த சாமானைக் கையிலெடுத்துப் பார்த்தார்கள். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் கணக்குப் புரிந்தது: இவளுடையதெல்லாம் அவனுக்குப் போகிறது, அங்கிருந்து ஒரு துளி வரவில்லை. சகாயம் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பெர்னதெத் ஒயரைச் சுருட்டித் தொம்மையிடம் கொடுத்து, "பாத்துக் கொண்டு போ, மடங்கினா உடஞ்சிரும்" என்று மட்டும் சொன்னாள்.

அவளுக்கு வலித்தது. சண்டை போட்டது வலிக்கவில்லை, அவன் அண்ணன் வீட்டுக்குப் போனது வலிக்கவில்லை, கோபம் இருக்கிற இடத்தில் நினைப்பும் இருக்கும் என்றுதான் தைரியமாக இருந்தாள். திட்டினால்கூடச் சார்ஜ் ஏறுகிற உலகத்தில், தன் புருஷன் தன்னைத் திட்டக்கூட நினைக்கவில்லை என்பதுதான் தாங்க முடியாமல் இருந்தது. ரேஷன் கடைக்காரருக்கு இருக்கிற மதிப்புக்கூடத் தனக்கு இல்லையா என்று நினைத்தாள், அந்த நினைப்பும் அவனுக்குத்தான் போய்ச் சேர்ந்திருக்கும் என்று தோன்றியதும் போனை மேசையில் எறிந்தாள்.

இனி நினைப்பதில்லை என்று முடிவு செய்தாள். பதினாறாம் வாய்ப்பாட்டைச் சொல்லிப் பார்த்தாள், நடுவில் அவனுக்குக் கணக்கு வராது என்பது நினைவுக்கு வந்தது. நெத்திலியை ஆய்ந்தாள், அவனுக்குப் பிடித்தது. ஜெபமாலையை எடுத்தாள், மாதாவே அந்த ஆள் நினைப்பு எனக்கு வரக் கூடாது என்று தொடங்கியதே அவனில்தான் தொடங்கியது. சரி, மனசைத்தானே திருத்த முடியாது, போனைத் திருத்தலாம், அது நமக்குத் தெரிந்த வேலை என்று எழுந்து உட்கார்ந்தாள்.

சனிக்கிழமை ஏலம் முடிந்ததும் தன் போனில் இருப்பதையெல்லாம் அழித்துவிட்டுப் பழைய சாஃப்ட்வேரையே ஏற்றிவிடப் போவதாகச் சகாயத்திடம் சொன்னாள். அப்புறம் அது யாருக்கும் கொடுக்காது, அவள் எவ்வளவு நினைத்தாலும் அவளோடு கிடக்கும். சகாயத்திடம் சொன்னால் ஊருக்கே சொன்னதுதான். வெள்ளிக்கிழமை சாயங்காலமே தொம்மை தலைமையில் வள்ளத்துக்காரர்கள் கடை முன்னால் வந்து நின்றார்கள், இஞ்ஞாசி மட்டும் வரவில்லை.

"மைனி, அப்படிப் பண்ணிராதீங்க. நடுக்கடல்ல எங்களுக்கு இருக்கிற ஒரே பிளக் பாயிண்ட் நீங்கதான்."

"ஒங்க அண்ணன போயி வேற பிளக் பாயிண்ட் பாக்கச் சொல்லு."

"அவரு பாவம் மைனி."

"பாவம்னா, பாவப்பட்ட ஆளு வந்து சொல்லட்டும்."

சனிக்கிழமை ஏலம் சீக்கிரமே முடிந்துவிட்டது, ஏனென்றால் ஏலம் எடுக்க வேண்டியவர்களெல்லாம் பூவரச மரத்தடியில் இருந்தார்கள். பஸ் வந்தது, யாரும் ஏறவில்லை, டிரைவரும் இறங்கி நின்றுகொண்டார். பெர்னதெத் தன் போனைக் கணினியில் சொருகினாள். அப்போது கூட்டம் விலகி வழி விட்டது. இஞ்ஞாசி வந்தான், சட்டையை இஸ்திரி போட்டிருந்தான், காலில் மட்டும் மணல் ஒட்டியிருந்தது. கடைக்குள் வந்து மேசைக்கு இந்தப் பக்கம் நின்றான். எல்லாரும் அவன் வாயைப் பார்த்தார்கள்.

பெர்னதெத் நிமிரவில்லை. "என்ன கம்ப்ளெயிண்ட்?" என்றாள்.

அவன் பையிலிருந்து பிளாஸ்டிக் கவரில் சுற்றிய போனை எடுத்து மேசையில் வைத்தான். "சார்ஜ் எறங்க மாட்டேங்குது."

அந்தக் கடையில் இதுவரை யாரும் சொல்லாத கம்ப்ளெயிண்ட் அது. வெளியே யாரோ களுக்கென்று சிரித்து, யாரோ அவரை அடக்கினார்கள். பெர்னதெத் கவரைப் பிரித்தாள். நூறு காட்டியது. அதன் கீழே, அவளுக்கு மனப்பாடமான அந்தக் கேள்வி நின்றுகொண்டிருந்தது: புதிய அப்டேட் தயாராக உள்ளது, இப்போதா, பிறகா? அவள் முதல்முறையாகத் தலையை நிமிர்த்தி அவனைப் பார்த்தாள்.

"இத அமுக்கவே இல்லையா நீங்க?"

"இல்ல."

"ஊரே அமுக்குச்சே. ஏன் அமுக்கல?"

"நீதான சொன்ன, என்னயக் கேக்காம போன்ல எதையும் அமுக்காதீங்கன்னு. அன்னைக்குப் படத்தையெல்லாம் அழிச்சுப்புட்டேன்னு ஏசுனேல்லா. அதான், கேக்குதப்பெல்லாம் பெறகு, பெறகுன்னு அமுக்கிட்டே இருந்தேன்."

"அப்போ என்னயக் கேட்டிருக்க வேண்டியதுதான?"

"கேக்கணும்னா பேசணும்லா" என்றான் இஞ்ஞாசி.

பெர்னதெத்துக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது, இரண்டும் ஒரே நேரத்தில் வந்ததில் இருமல்தான் வெளியே வந்தது. வாங்கிக்கொள்வதற்கு அப்டேட் தேவையில்லை, கொடுப்பதற்குத்தான் தேவை. இந்த மனிதன் எவ்வளவு நினைத்திருந்தாலும் அது வெளியே வர வழியில்லாமல் அப்படியே கிடந்திருக்கிறது. நினைத்திருந்தால்தானே என்று அவளுக்குள் இருந்த வக்கீல் விடாமல் கேட்டார். அதையும் பார்த்துவிடுவோம் என்று, 'இப்போது' என்பதை அமுக்கினாள்.

போன் அணைந்தது, பெருவிரல் நகம் அளவுக்கு ஒரு கோடு மெதுவாக வளர்ந்தது. அவள் ஸ்டூலை அவன் பக்கம் தள்ளினாள். அவன் உட்கார்ந்தான். கன்னம் ஒட்டிப்போய்விட்டதே என்றாள், அண்ணி குழம்பில் புளி கூடுதல் என்றான். ஒரு வார்த்தை பேச வேண்டிய இடத்தில் அவன் ஒரு வாக்கியம் பேசியதை வெளியே நின்றவர்கள் பின்னால் இருந்தவர்களுக்குத் திரும்பிச் சொன்னார்கள். கோடு நிறைந்தது, போன் எழுந்தது. நூறு. பக்கத்தில் பெர்னதெத்தின் போன் கறுப்பாகவே கிடந்தது. இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள், ஊர் எட்டிப் பார்த்தது. நூறு. சகாயம் கண்ணை மூடி வேண்டிக்கொண்டாள், கப்பலில் நிக்சன் போன் வீணாக ஏறியது. நூறு, நூறு, அசையவே இல்லை.

பெர்னதெத்தின் முகம் மெல்ல வாடியது. "தெரிஞ்சுபோச்சு. நீங்க கெளம்புங்க" என்றாள் மெதுவாக.

"என்ன தெரிஞ்சுபோச்சு?"

"நீங்க என்னய நெனைக்கல."

இஞ்ஞாசிக்கு இது நிஜமாகவே புரியவில்லை. "முன்னாடிதான உக்காந்திருக்க? பாத்துக்கிட்டு இருக்கிற ஆள எப்படி நெனைக்க?"

 பெர்னதெத் எழுந்து நின்றாள்.

"அப்போ போங்க. கொஞ்ச தூரம் போங்க."

"எங்க?"

"எங்கயாவது. கடற்கரைக்குப் போங்க. திரும்பிப் பாக்காம போங்க."

அவன் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு போனான். கூட்டம் வழி விட்டது. பூவரச மரத்தைத் தாண்டினான், ஐஸ் கடையைத் தாண்டினான், மணலில் இறங்கினான். மேசையில் கிடந்த அவன் போனில் நூறு என்பது தொண்ணூற்றெட்டானது. பிறகு எண்ணே படிக்க முடியாத வேகத்தில் இறங்கியது. பக்கத்தில் கறுத்துக்கிடந்த போன் ஒருமுறை அதிர்ந்து, திரை வெளுத்து, விழித்துக்கொண்டது. பத்தாகி, முப்பதாகி, தண்ணீர்த் தொட்டியில் குழாயைத் திறந்துவிட்டதுபோல ஏறிக்கொண்டே போனது. ஊர் ஓவென்று கத்தியது. பஸ் டிரைவர் ஓடிப்போய் ஹாரனை அடித்தார்.

பெர்னதெத் போனைக் கையில் எடுத்தாள், வெதுவெதுப்பாக இருந்தது. இத்தனை நாள் எடுக்காத எண்ணைத் தேடி அமுக்கினாள், போதும் வாங்க என்று சொல்லிவிடலாம் என்று. மணி அடித்தது, அவள் முழங்கைக்குப் பக்கத்தில், மேசையில். அவன் போனை வைத்துவிட்டல்லவா போயிருக்கிறான். தூரத்தில் அவனோ, திரும்பிப் பார்க்காமல் போகச் சொன்னதால், திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டே இருந்தான், இப்படியே விட்டால் கடலுக்குள்ளும் போகிற ஆள்.

அவள் இரண்டு போன்களையும் மேசையிலேயே போட்டாள். யார் முதலில் பேசுவது என்பதெல்லாம் அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. செருப்பைத் தேடாமல் ஊர் பார்க்க மணலில் இறங்கி, சேலையை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "ஏங்க, நில்லுங்க! ஏங்க!" என்று அந்த நீளமான வாயால் கடல் இரைச்சலுக்கு மேல் கூப்பிட்டுக்கொண்டு ஓடினாள், அவன் நின்றான், சகாயம்தான் அன்றைக்குக் கடையின் ஷட்டரை இறக்கிப் பூட்டினாள்.